கணினி பழையது என்று யார் சொன்னது?



அண்மையில் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவைக் கூட்டம் நடந்தது. நிகழ்ச்சி நிரலில் ஆறாவதாக 'கணினிகளை மாற்றுதல்' என்று ஒரு தலைப்பு இருந்தது. எங்களிடம் பன்னிரண்டு சிறிய மடிக்கணினிகள் உள்ளன. நல்லுள்ளம் கொண்ட ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் அன்பளிப்பாகத் தந்தவை. அவை மிகவும் மெதுவாக இயங்குகின்றன, ஆகவே பன்னிரண்டையும் அகற்றிவிட்டுப் புதியவை வாங்கலாம் என்பது முன்மொழிவு. ஒன்றின் விலை 1,500 ரிங்கிட். மொத்தம் 18,000 ரிங்கிட். எங்கள் பள்ளியில் 120 குடும்பங்கள். குடும்பத்துக்கு 150 ரிங்கிட் நன்கொடை கேட்டால் போதும் என்று கணக்கும் தயாராக இருந்தது.

கூட்டத்தின் பின்வரிசையில் இருந்து ஒரு தாய் எழுந்தார். தொழிற்சாலையில் இரவுமுறை வேலை முடித்து நேராகக் கூட்டத்துக்கு வந்தவர். எங்கள் பள்ளியில் அவருக்கு மூன்று பிள்ளைகள். "ஐயா, அந்தக் கணினியெல்லாம் நெசமாவே கெட்டுப்போச்சுங்களா? இல்ல, மெதுவா போகுதுன்னுதான் மாத்துறோமா?" என்று கேட்டார்.

கணினிப் பொறுப்பாசிரியன் நான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் விடை இல்லை. மெதுவாக இயங்குகின்றன என்பது எனக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. தெரியாமலேயே, முன்மொழிவில் முதல் கையொப்பம் இட்டவனும் நான்தான்! இரண்டு வாரம் தவணை கேட்டேன். தலைவர் பெருந்தன்மையோடு கொடுத்தார். அந்த இரண்டு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த மடிக்கணினிகளில் நாங்கள் அதிகம் பயன்படுத்துவது சொல்வதெழுதல் பயிற்சிக்கான ஒரு நிரல். என்னிடம் படித்துவிட்டு இப்போது கணினித்துறையில் பயிலும் முன்னாள் மாணவர் ஒருவர் எனக்காக எழுதிக் கொடுத்தது. படிவம் ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும் அல்ல, ஆண்டு ஒன்றிலிருந்து ஆறு வரைக்குமான சொற்கள் நான்காயிரத்தைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து வைத்திருந்தேன். ஒவ்வொரு சொல்லும் மற்ற ஒவ்வொரு சொல்லோடும் எவ்வளவு மயங்கக்கூடியது என்பதற்கு ஓர் எண். வலி, வளி, வழி, மனம், மணம், அரம், அறம். இவை நெருக்கமானவை. ஆகவே நான்காயிரத்துக்கு நான்காயிரம் என்று ஒரு பெரிய அட்டவணை. அதில் 16 மில்லியன் கட்டங்கள். ஒரு மாணவன் 'மணம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மனம்' என்று எழுதிவிட்டால், அதே வகையில் அவன் தடுமாறக்கூடிய பிற சொற்களை அட்டவணையிலிருந்து தேடி, அடுத்த பயிற்சிக்கு நிரல் எடுத்துக் கொடுக்கும்.

அருமையான எண்ணம்தான். ஆனால் நிரலைத் தொடங்கினால் ஏழு நிமிடம் திரையில் ஒன்றும் வராது. நம் பாடவேளை முப்பது நிமிடம். மாணவர்களை வரிசையாக அழைத்துவந்து, அமரவைத்து, கணினியைத் திறந்து, அதன் பிறகு ஏழு நிமிடம் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எஞ்சுவது என்ன? வாரம் ஒருமுறை செய்ய வேண்டிய பயிற்சி, மாதம் ஒருமுறை ஆயிற்று. பிறகு தவணைக்கு ஒருமுறை.

காரணம் குறித்துப் பள்ளியில் இரண்டு கருத்துகள் இருந்தன. ஒன்று, கணினி பழையது. மற்றொன்றுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது. சக ஆசிரியர் ஒருவர், "தமிழ் எழுத்து கணினிக்குச் சுமைதானே சார். ஆங்கிலச் சொற்களாக இருந்தால் பட்டென்று வந்திருக்கும்," என்றார். அவர் தமிழ்ப்பற்று இல்லாதவர் அல்லர். உண்மையாகவே அப்படி நம்பினார். அவர் சொன்னதில் அரைப் பங்கு உண்மையும் உண்டு. 'தமிழ்' என்ற சொல்லில் நாம் மூன்று எழுத்துகளைப் பார்க்கிறோம். ஒருங்குறியில் அது ஐந்து குறிகள். இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் என்பதால், மொத்தம் 15 பைட்டுகள். ஆங்கிலத்தில் அதே பெயரை எழுத ஐந்தே பைட்டுகள் போதும். ஆக, மூன்று மடங்கு இடம். இதைக் கேட்டதும் நானும் வாயடைத்துப் போனேன். முரசு அஞ்சலைத் தந்த மண்ணில் இருந்துகொண்டு, தமிழால்தான் கணினி திணறுகிறது என்று ஒரு தமிழாசிரியனே ஒப்புக்கொள்வதா? ஆனால், மனம் ஒப்பவில்லை என்பது ஒரு சான்று ஆகாதே!

முன்னாள் மாணவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "ஐயா, என் மடிக்கணினியில் முக்கால் நிமிடத்துக்குள் வந்துவிடுகிறதே" என்றார் வியப்போடு. பிறகு சற்று யோசித்து, "வால்கிரின்ட் போட்டுப் பாருங்கள் ஐயா. ஊகிப்பதைவிட அளப்பது நல்லது," என்றார்.

வால்கிரின்ட் என்பது லினக்ஸ் இயங்குதளத்தில் செயல்படும் ஒரு கட்டளை வரிக் கருவி. ஜூலியன் சீவர்ட் என்பவர் உருவாக்கியது. 2002-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கட்டற்ற மென்பொருள் என்பதால் ஒரு சென் கூடச் செலவில்லை. வடஐரோப்பியத் தொன்மத்தில் வல்ஹல்லா எனும் வீரர் மண்டபத்தின் வாயிலுக்குரிய பெயர் இது. பலரும் 'வால்கிரைண்ட்' என்கிறார்கள். 'கிரின்ட்' என்று குறிலாக ஒலிக்க வேண்டும் என்று அதனை உருவாக்கியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். குறில் நெடில் பிழை நமக்கு மட்டும் உரியதன்று போலும்!

இக்கருவிக்குள் பல உட்கருவிகள் உண்டு. நமக்கு வேண்டியது கேஷ்கிரின்ட். நிக்கலஸ் நெதர்கோட் என்பவர் எழுதியது. ஒரு நிரல் ஓடும்போது நினைவகத்தை எத்தனை முறை அணுகுகிறது, அவற்றுள் எத்தனை முறை வேண்டியது அருகிலேயே கிடைத்தது, எத்தனை முறை தொலைவுக்குப் போக வேண்டியிருந்தது என்று எண்ணிச் சொல்லும்.

நான் கட்டளைத் திரை பழகியவன் அல்லன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எனக்குக் கற்றுத்தந்தது ஆவணம் தட்டச்சு செய்வதும் படவில்லை தயாரிப்பதும்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைக் கண்டாலே எதையோ கெடுத்துவிடுவோம் என்ற அச்சம். முதல் நாள் மாலை, இணையத்தில் கிடைத்த ஒரு பழைய வழிகாட்டியைப் பின்பற்றிக் கட்டளையைத் தட்டினேன். கட்டளை எண்ணிக்கை என்று ஒரே ஒரு வரிதான் வந்தது. நினைவகம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது: 2023-இல் வந்த 3.21 பதிப்பிலிருந்து, கேஷ் கணக்கெடுப்பு தானாக நடைபெறாது. 'கேஷ் சிம்' என்ற விருப்பத்தை 'யெஸ்' என்று நாமே இயக்க வேண்டும். பழைய வழிகாட்டிகள் அதற்கு முன் எழுதப்பட்டவை. இதை முயலப்போகும் ஆசிரியர்கள் என் இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இக்கருவி நிரலை உண்மைச் செயலியில் நேரடியாக ஓடவிடாமல், ஒவ்வொரு கட்டளையையும் தானே பார்த்துப் பார்த்து நடத்துவதால், நிரல் இருபது முதல் நூறு மடங்கு வரை மெதுவாக ஓடும். ஆகவே 180 மாணவர்களுக்கும் ஓட்டாமல், ஒரே ஒரு மாணவருக்கு மட்டும் கணக்கிடுமாறு மாற்றி ஓட்டினேன்.

விடை வந்தது. அட்டவணையில் உள்ள கட்டங்கள் 16 மில்லியன். முதல்நிலைக் கேஷில் கிடைக்காமல் தவறிய வாசிப்புகளோ, 16 மில்லியனுக்கும் சற்று மேல்! அதாவது, நிரல் ஒவ்வொரு கட்டத்தைத் தொடும்போதும், தேடியது அருகில் இல்லை. ஒன்றுகூட இல்லை.

இது எப்படி நேர்கிறது என்பதை ஆசிரியர்களுக்கு நம் தொழிலைக்கொண்டே விளக்கிவிடலாம்.

உங்கள் மேசையில் குறைந்த இடமே உண்டு. மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்களோ அறையின் கோடியில் உள்ள அலமாரியில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பதினாறு பக்கம் திருத்த வேண்டும். நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒரு புத்தகத்தை எடுத்து வந்து, பதினாறு பக்கத்தையும் திருத்திவிட்டு, அடுத்ததை எடுப்பீர்கள். அதைவிடுத்து, ஒரு புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தை மட்டும் திருத்தி, மேசையில் இடமில்லாமையால் அலமாரியில் திருப்பி வைத்து, அடுத்த புத்தகத்தின் முதல் பக்கம், அதற்கடுத்ததன் முதல் பக்கம் என்று எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மறுபடியும் முதல் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்துக்கு வந்தால் என்ன ஆகும்? திருத்திய பக்கங்கள் அதே எண்ணிக்கை. மதிப்பெண்ணும் அதே. நடையோ பதினாறு மடங்கு.

கணினியில் மேசை என்பது கேஷ் நினைவகம். அலமாரி என்பது முதன்மை நினைவகம். என் வீட்டுக் கணினியின் முதல்நிலைக் கேஷ் 32 கிலோபைட்டு. பள்ளிச் சிறு மடிக்கணினியில் 24 கிலோபைட்டுதான். எங்கள் அட்டவணையோ ஒரு கட்டத்துக்கு நான்கு பைட்டு வீதம் 64 மில்லியன் பைட்டு. செயலி ஓர் எண்ணைக் கேட்டால் அந்த ஓர் எண் மட்டும் வராது. அக்கம்பக்கத்து எண்களையும் சேர்த்து 64 பைட்டுகள் ஒரு கட்டாக வரும். அதாவது பதினாறு எண்கள். அவைதாம் நம் பயிற்சிப் புத்தகத்தின் பதினாறு பக்கங்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களாக, கிடை வரிசையில் வாசித்தால், ஒருமுறை நடந்து பதினாறு எண்களைப் பயன்படுத்தலாம். எங்கள் நிரல் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரிசையிலும் ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, 16,000 பைட்டு தாண்டித் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தது. கட்டாக வந்த மற்ற பதினைந்தும், தேவைப்படும் வேளை வருவதற்குள் மேசையிலிருந்து தள்ளப்பட்டுவிட்டன.

(கிடையாக உள்ளதை நிரை என்றும் நெடுக்காக உள்ளதை நிரல் என்றும் கணிதத்தில் சொல்வது உண்டு. ஒரு நிரல், நிரைவழி போகாமல் நிரல்வழி போனதுதான் குற்றம் என்று சொல்லிப் பார்த்தேன். என் துணைவியாருக்குச் சிரிப்பு வரவில்லை.)

எந்த இடத்தில் குற்றம் என்பதையும் கருவியே காட்டியது. நிரலைத் தொகுக்கும்போது பிழைதேடும் குறிப்புகளையும் சேர்த்துத் தொகுத்துவிட்டு, பின்னர் 'சிஜி அனோடேட்' என்ற துணைக் கட்டளையை ஓட்டினால், மூல நிரலின் ஒவ்வொரு வரிக்கும் நேரே தவறல் எண்ணிக்கையை அச்சிட்டுத் தருகிறது. ஏறக்குறைய எல்லாத் தவறலும் ஒரே ஒரு வரியில் குவிந்திருந்தது. அட்டவணையின் எண்ணைப் பெருக்கிக் கூட்டும் வரி. அந்த வரியில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை! சொற்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் வேலை ஒருமுறை முடிந்து கோப்பில் சேமிக்கப்பட்டுவிட்டது. நிரல் ஒவ்வொரு முறை ஓடும்போதும் நடப்பது வெறும் எண் கணக்கு. தமிழ்ச் சொற்களைத் திரையில் எழுதும் பகுதியின் பங்கு கண்ணுக்கே தெரியாத அளவு.

அந்தத் தாளை நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்ச் சக ஆசிரியரிடம் காட்டினேன். வெற்றிக் களிப்போடுதான் போனேன், மறைப்பானேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அப்படியானால் ஆங்கிலச் சொற்களாக இருந்திருந்தாலும் இதே ஏழு நிமிடம்தானா?" என்றார். ஆமாம், இதே ஏழு நிமிடம்தான்.

திருத்தம் என்ன தெரியுமா? 'வலி'க்கும் 'வழி'க்கும் உள்ள நெருக்கம் 'வழி'க்கும் 'வலி'க்கும் உள்ள நெருக்கமே. அட்டவணை இருபுறமும் சமச்சீரானது. ஆகவே, அந்த ஒரு வரியில் உள்ள இரண்டு சுட்டெண்களை இடம் மாற்றினால் போதும். விடை மாறாது. மாற்றினேன். மறுபடியும் அளந்தேன். 16 மில்லியனைத் தாண்டியிருந்த தவறல், இரண்டு மில்லியனுக்குள் அடங்கிவிட்டது. பள்ளி மடிக்கணினியில் 180 மாணவர்களுக்கும் ஓட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிடம், ஐம்பது விநாடி ஆகிவிட்டிருந்தது.

கடிகாரத்தையும் பார்த்தேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கேஷ்கிரின்ட் காட்டுவது ஒரு மாதிரிச் செயலியின் கணக்கு. உண்மைச் செயலிகள், அடுத்து எது கேட்கப்படும் என்று முன்கூட்டியே ஊகித்து எடுத்துவைக்கும் திறனும் உடையவை. அதனை இக்கருவி கணக்கில் கொள்வதில்லை. எனவே தவறல் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் நேரமும் பத்தில் ஒன்றாகக் குறையும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் வீட்டுக் கணினியில் நாற்பது விநாடி எட்டு விநாடி ஆயிற்று, அவ்வளவுதான்.

இங்கேதான் என் உண்மையான ஆதங்கம் தொடங்குகிறது.

இரண்டு கணினியிலும் குறை ஒன்றே. வீட்டில் அது நாற்பது விநாடி. பள்ளியில் ஏழு நிமிடம். வசதியான கணினியில் நிரல் எழுதியவருக்கு அது குறையாகவே படவில்லை. படவும் படாது, நாற்பது விநாடி காத்திருக்க யாருக்குத்தான் முடியாது? அந்தக் குறைக்கான விலையைக் கட்டியவர்கள், அன்பளிப்பாகக் கிடைத்த கணினியின் முன் அமர்ந்திருந்த எங்கள் பிள்ளைகள். அடுத்து கட்டவிருந்தவர்கள் அவர்களின் பெற்றோர், குடும்பத்துக்கு 150 ரிங்கிட். அந்த முன்னாள் மாணவரை நான் குறை சொல்லவில்லை. இலவசமாக, அன்புக்காக எழுதிக் கொடுத்தவர் அவர். 'சுமாரான கணினியிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடு தம்பி' என்று சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை.

நமக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒரு கருவி மெதுவாகிறதா, மாற்று. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியபோது பள்ளிகளுக்கு மடிக்கணினிகளும் ஒளிபடக் கருவிகளும் வந்தன. அதன் பிறகும் எத்தனையோ திட்டங்கள், எத்தனையோ கருவிகள். ஒவ்வொரு முறையும் பழையதைப் பற்றிய ஆய்வு என்று ஒன்று நடந்ததாக எனக்கு நினைவில்லை. 'பழசாகிவிட்டது' என்ற ஒரு சொல்லே ஆய்வறிக்கை. அரசாங்கப் பணம் என்றால் ஒருவிதம். தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலும் அது பெற்றோரின் பணம், ஆலய நிருவாகத்தின் பணம், முன்னாள் மாணவர்களின் பணம். ஒரு செலவுக்கு விலைப்பட்டியல்கள் கேட்கும் நாம், அந்தச் செலவு தேவைதானா என்பதற்கு ஒரே ஓர் அளவைக்கூடக் கேட்பதில்லை.

எல்லாக் கணினியும் வாழ்நாள் முழுதும் உழைக்கும் என்று நான் சொல்லவரவில்லை. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றுபோனது. பாதுகாப்பை முன்னிட்டு மாற்ற வேண்டிய கணினிகள் உண்டு. மின்கலம் ஊதிப்போனது ஆபத்து. அதை வைத்திருக்கக் கூடாது. இவையெல்லாம் காரணங்கள். ஆனால் எங்கள் முன்மொழிவில் எழுதியிருந்த காரணம் இவற்றில் எதுவும் அன்று. 'மெதுவாக உள்ளது' என்பதே. எங்கள் கணினிகளில் ஓடுவதும் லினக்ஸ்தான்.

"தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இதெல்லாம் எதற்கு? இது பல்கலைக்கழகப் பாடம்," என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பாடத்திட்டம், வகுப்புசார் மதிப்பீடு, பதிவுகள், இணைப்பாட நடவடிக்கை என்று ஏற்கெனவே நமக்கு முதுகு வளைந்திருக்கிறது. ஒவ்வோர் ஆசிரியரும் வால்கிரின்ட் கற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கு ஒருவர் போதும். அந்த ஒருவர் பள்ளியில் இல்லையென்றால், வட்டாரத்துக்கு ஒருவர். ஊரில் கணினித்துறையில் படிக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் இல்லாத தமிழ்ப்பள்ளி அரிது. புதிய கணினிக்கு நன்கொடை கேட்டு அவர்களைத் தேடிப்போவதற்கு முன், ஒரு சனிக்கிழமை காலையை நன்கொடையாகக் கேட்போமே.

ஆனால் மாணவர்கள் விசயத்தில் நான் இவ்வளவு விட்டுக்கொடுக்க மாட்டேன். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் நம் பிள்ளைகள் நிரலாக்கம் பயில்கிறார்கள். கட்டைகளை இழுத்துப் பொருத்தி, பூனையை நடக்கவைத்து, விடை வந்துவிட்டால் கைதட்டுகிறோம். விடை வந்ததா என்று மட்டுமே பார்க்கிறோம். அந்த விடைக்கு எவ்வளவு நடக்க வேண்டியிருந்தது என்று ஒருமுறையேனும் கேட்கிறோமா? கேட்பதற்குக் கட்டளை வரியும் வேண்டாம், கணினியும் வேண்டாம்.

சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் செய்து பார்த்தேன். எட்டு ஏடுகள், ஒவ்வொன்றிலும் ஆறு பக்கம், பக்கத்துக்கு ஓர் எண். வகுப்பின் பின்புறம் அலமாரி, முன்புறம் மேசை. மேசையில் ஒரே நேரத்தில் இரண்டு ஏடுகளுக்குத்தான் இடம். நாற்பத்தெட்டு எண்களையும் கூட்டிச் சொல்ல வேண்டும். முதல் குழு ஏடு ஏடாகக் கூட்டலாம். இரண்டாம் குழு எல்லா ஏட்டின் முதல் பக்கத்தையும் கூட்டிவிட்டுத்தான் இரண்டாம் பக்கத்துக்குப் போக வேண்டும். ஒருவர் நடக்க, ஒருவர் கூட்ட, ஒருவர் நடையை எண்ண. முதல் குழு எட்டே நடையில் முடித்துவிட்டு அமர்ந்துகொண்டது. இரண்டாம் குழு நாற்பத்தெட்டு நடை. பாவம், மூச்சு வாங்கிவிட்டது. அக்குழுவில் கூட்டிக்கொண்டிருந்த மாணவி கோபத்தோடு எழுந்து, "ஐயா, நான் ஒரு தப்பும் பண்ணல. எங்க விடையும் சரிதான். அப்புறம் ஏன் நாங்க தோத்தோம்?" என்றாள்.

பதினெட்டு ஆண்டு கற்பித்தலில் இவ்வளவு நல்ல கேள்வியை நான் அதிகம் கேட்டதில்லை. அவளுக்கு விடை சொல்லவில்லை. நடையை எண்ணிய மாணவனின் தாளை அவளிடம் கொடுத்தேன். சற்று நேரம் பார்த்தாள். "மேசையில எட்டு ஏட்டுக்கும் இடம் இருந்திருந்தா நாங்களும் எட்டு நடைதான், இல்லீங்களா ஐயா?" என்றாள். ஆமாம். அதுதான் என் வீட்டுக் கணினிக்கும் பள்ளிக் கணினிக்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு பகுதி. பத்து வயதுப் பிள்ளை அதனைக் கண்டுபிடித்துவிட்டது.

இரண்டாவது கூட்டம் சென்ற வெள்ளிக்கிழமை நடந்தது. வால்கிரின்டின் இன்னோர் உட்கருவியான லாக்கி, நிரல் தொடும் ஒவ்வொரு நினைவக முகவரியையும் வரி வரியாக அச்சிடும். நான்குக்கு நான்கு சிற்றட்டவணை ஒன்றை அதில் ஓட்டி, முகவரிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன். தேவையான வரிகளை மட்டும் பிரித்தெடுக்கவே ஒரு மாலை ஆயிற்று. நிரல் தொடங்குவதற்கு முன்னரே அது எங்கெங்கோ போய் வருகிறது. ஒரு பக்கம் நான்கு நான்காகக் கூடும் எண்கள், மறுபக்கம் பதினாறு பதினாறாகத் தாவும் எண்கள். பெற்றோர்கள் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள் என்று சொன்னால் பொய்யாகும். மடிக்கணினி ஒன்றை மேசையில் வைத்து, பழைய நிரலையும் புதிய நிரலையும் அடுத்தடுத்து ஓட்டியபோதுதான் புரிந்தது. பழையது ஓடிக்கொண்டிருந்த ஏழு நிமிடத்தில் தேநீரே குடித்து முடித்துவிட்டார்கள்.

பன்னிரண்டில் இரண்டுக்குத் திரை உடைந்திருக்கிறது, ஒன்றுக்கு மின்கலம் ஊதியிருக்கிறது. அந்த மூன்றை மட்டும் மாற்றுவதென முடிவாயிற்று. 4,500 ரிங்கிட், சங்கத்தின் கையிருப்பிலிருந்து. நன்கொடைக் கடிதம் அனுப்பப்படவில்லை. முதல் கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தத் தாய் இம்முறை வரவில்லை. இரவுமுறை வேலை.

நிரல் தொடங்கும்போது 180 மாணவர்களுக்கும் கணக்கிட வேண்டிய தேவையே இல்லை, அமர்ந்திருக்கும் வகுப்புக்கு மட்டும் போதும் என்பதும் அதன் பிறகுதான் உறைத்தது. இப்போது சில விநாடிகளில் வந்துவிடுகிறது. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன். அவனுக்கு எழுத்தில் அடைவுநிலை 2 என்று இரண்டு தவணையாகப் பதிந்து வந்திருக்கிறேன். மூன்று வாரம் தொடர்ந்து பயிற்சி ஓடியதில், அவனுடைய பிழைகளில் பெரும்பாலானவை ணகர னகரத்தில் மட்டுமே என்று தெரிகிறது. லகர, ளகர, ழகரத்தில் அவன் தடுமாறவே இல்லை. திங்கட்கிழமை அவனை அருகில் அமர்த்தி, நா எங்கே படுகிறது என்பதிலிருந்து தொடங்க எண்ணியிருக்கிறேன்.

சொற்பட்டியலும் திருத்திய நிரலும் வேண்டும் ஆசிரியர்கள் கேட்டால் அனுப்பிவைக்கிறேன். உங்கள் பள்ளியின் மிகப் பழைய கணினியில் ஓட்டிப் பார்த்து, எத்தனை விநாடி ஆயிற்று என்று மட்டும் தெரிவியுங்கள்.